பரிவட்டம் யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டுவதாக இருந்தாலும் முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

ரோலெக்ஸ் படம் போட்ட டி-சட்டையோடு காவடிக்குப் பின்னால் ஆடக்கூடாது என்று போன வருஷம் தொண்டர்கள் நாங்கள் சொன்னபோது, "படத்தைப் படமா பாருங்கண்ணே" என்று பதில் வந்தது. சரி, படமாகவே பார்ப்போம். இளைஞர் பகுதிப் பிள்ளைகள் கைப்பேசியில் இப்போ சுத்துறது 'அமெரிக்கன் கேங்ஸ்டர்' துண்டுக் காட்சிகள். 2007இல் ரிட்லி ஸ்காட் எடுத்த படம். டென்சல் வாஷிங்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்து போய், நடுத்தெருவில், பட்டப்பகலில் ஒருத்தனைச் சுட்டுவிட்டுத் திரும்பி வந்து அதே மேசையில் உட்காருவார். மாஸ் சீன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல ஓடுது. மிச்சத்தைப் பார்த்தவங்க எத்தனை பேர்?

நடந்த கதையை வைத்து எடுத்த படம் அது. நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஹார்லம். வியட்நாம் போர்க் காலம். ஃபிராங்க் லூகாஸ் என்பவர் தென்கிழக்காசியாவிலிருந்து நேராக ஹெராயின் இறக்கி, 'புளூ மேஜிக்' என்று பெயர் வைத்து விற்கிறார். சரக்கு வருவது ராணுவ விமானத்தில். அவரைத் தேடிப் போகும் நியூ ஜெர்சி துப்பறிவாளர் ரிச்சி ராபர்ட்ஸாக ரஸ்ஸல் குரோ. நிஜ லூகாஸ் 1975இல் பிடிபட்டார். 70 ஆண்டுத் தண்டனை. அப்புறம் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்துத் தண்டனையைக் குறைத்துக்கொண்டார். 'கெத்து' என்று ஸ்டேட்டஸ் வைக்கிறவர்கள் இதை மட்டும் வைப்பதில்லை.

படம் தொடங்கி கொஞ்ச நேரத்திலேயே தானதர்மம் வந்துவிடுகிறது. லூகாஸின் முதலாளி ஏழை ஜனங்களுக்கு லோரியில் நின்று வான்கோழி கொடுக்கிறார். கூட்டம் முண்டியடித்து வாங்குது. முதலாளி இறந்த பிறகு அந்த இடத்துக்கு லூகாஸ் வருகிறார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார். நன்றி கூறும் திருநாளில் பெரிய வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்; அவர் விற்ற மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் எங்கெங்கோ விழுந்து கிடப்பதை அதே நேரத்தில் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். கடைசியில் அவர் கைதாவது எங்கே தெரியுமா? தேவாலய வாசலில், பிரார்த்தனை முடிந்து வெளியே வரும்போது.

இதைப் பார்த்துவிட்டும் நம்ம கோயில் ஞாபகம் வரலைன்னா, நாங்க ஞாபகப்படுத்துறோம்.

இந்த ஆடித் திருவிழாவில் ஆறாம் நாள் உபயம் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். மேளம், பூ அலங்காரம், அன்னதானம் எல்லாம் அவர் செலவு. ரொக்கமாகத் தருவார். ரசீது வேண்டாம். ஆனால் நோட்டீஸில் பெயர் பெரிசா வரணும், மைக்கில் மூணு வேளை சொல்லணும், பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்யணும். அவர் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. என்ன தொழில் செய்கிறார் என்று நிர்வாகத்திடம் கேட்டோம். "பிசினஸ்" என்றார்கள். என்ன பிசினஸ் என்றோம். "சாமி காரியத்துல இதெல்லாம் கேக்கக் கூடாது" என்றார்கள்.

படத்தில் லூகாஸின் அம்மாவும் கேட்பதில்லை. ரூபி டீ என்ற முதிய நடிகை. சில நிமிடங்களே வருவார், அதற்கே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஒரு கட்டத்தில் மகன் கன்னத்தில் ஓங்கி அறைகிறார். இந்த வீடும் வசதியும் எப்படி வந்தது என்று இத்தனை நாள் கேட்காததற்கு, நீ பொய் சொல்வதைக் கேட்க மனசு வராததுதான் காரணம் என்கிறார். பெத்த தாய் கேட்காமல் இருந்ததைப் புரிந்துகொள்ளலாம். கோயில் நிர்வாகம் அவருக்குப் பெத்த தாயா?

அடுத்து ரிச்சி. ஒரு காரின் பின்பெட்டியில் கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் கிடைக்கிறது. எண்ணி ஒப்படைக்கிறார். மாலையா போட்டார்கள்? இந்தப் பணத்தையே எடுக்காதவன் நாளைக்கு நம்மையும் காட்டிக்கொடுப்பான் என்று சக போலீஸ்காரர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு ஒரு அடுக்குமாடியில் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு வாக்கிடாக்கியில் உதவி கேட்கிறார். ஒருத்தரும் வரவில்லை.

நம்ம கோயிலில் பதினெட்டு வருஷமாக அன்னதானச் சமையலைப் பார்த்துக்கொண்ட அக்கா ஒருவர், "அந்தப் பணம் எங்கேருந்து வருதுங்கய்யா?" என்று கூட்டத்தில் ஒரே ஒரு தடவை கேட்டார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் அவர் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சமையற்கட்டுச் சாவி வேறொருவர் கையில். இது எங்களுக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பதிவுக்குக் காரணமே அதுதான்.

ரிச்சி ஒன்றும் மகான் இல்லை. பெண்கள் விஷயத்தில் மோசம், கல்யாணம் முறிந்துபோச்சு, மகனுக்கு நேரம் கிடையாது. யோக்கியன் என்றால் எல்லாவற்றிலும் யோக்கியனாக இருப்பான் என்று படம் பூ சுத்தவில்லை. அதனால் "நீங்க மட்டும் ரொம்ப ஒழுங்கா?" என்று எங்களைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீங்க. ரிச்சி ஒழுங்கில்லாதவர் என்பதற்காக அந்தப் பணம் நல்ல பணம் ஆகிவிடவில்லை.

லூகாஸின் அண்ணன் தம்பி பிள்ளைகளில் ஒருவன் அருமையாக பேஸ்பால் ஆடுவான். பெரிய குழுவில் சேர சித்தப்பாவே வழி பண்ணிக் கொடுக்கிறார். பையன் போகவில்லை. உங்களைப் போல ஆகணும் என்கிறான். முதல் மரியாதை என்ன வேலை செய்யும் என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒரு காட்சி போதும். தேவார வகுப்புக்கு வருகிற பதினான்கு வயசுப் பையன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். டியூஷன் வாத்தியாருக்குக் கட்டாத பரிவட்டம் யாருக்குக் கட்டப்படுகிறது என்பது அவனுக்குத் தெரியும்.

அந்தப் பையன் கையில் நாளைக்கு ஒரு பொட்டலம் வரும். நம்ம நாட்டில் 15 கிராம் ஹெராயின் வைத்திருந்தாலே கடத்தல் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நாலு தேக்கரண்டி சீனி எடை. 1952 அபாயகர போதைப்பொருள் சட்டம், 39பி. கட்டாய மரண தண்டனையை 2023இல் எடுத்துவிட்டார்கள், சரி. ஆனாலும் நீதிபதி நினைத்தால் தூக்கு, இல்லையென்றால் ஆயுள் சிறையும் பிரம்படியும். பாலம் தாண்டிப் போய் சாங்கியில் தூக்கிலேறிய நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். சொற்பக் காசுக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அனுப்பியவன் வீட்டில் இருந்தான். எந்தக் கோயில் நோட்டீஸில் அவன் பேர் இருந்ததோ, அம்மாளுக்குத்தான் தெரியும்.

"உண்டியலில் போட்டா மட்டும் கேப்பீங்களா?" என்கிறார்கள். கேட்க மாட்டோம். உண்டியலில் போடுகிறவர் பேர் போடச் சொல்வதில்லை. "திருந்த வாய்ப்புக் கொடுங்க" என்கிறார்கள். தாராளமாக. சிறையிலிருந்து வந்து, மொட்டை போட்டு, வரிசையில் நின்று பால்குடம் எடுத்தவர்கள் நம்ம கோயிலில் இருக்கிறார்கள். அவர்கள் தலையில் குடத்தைத் தூக்கி வைத்தது எங்கள் கைதான். அவர்கள் யாரும் மைக்கில் பேர் சொல்லச் சொன்னதில்லை. "மத்த கோயில்ல வாங்குறாங்களே" என்பதற்கு மட்டும் பதில் சொல்லப் போவதில்லை, பசியாறும்போது நேரில் பேசிக்கலாம்.

வரும் ஞாயிறு சாயரட்சை பூஜைக்குப் பிறகு மண்டபத்தில் உபயக் கூட்டம். நிர்வாகம் கேட்கட்டும்: பெயர், அடையாள அட்டை எண், தொழில், ரசீது. எல்லா உபயக்காரர்களிடமும் கேட்கட்டும், எங்களிடமும்தான். தர மறுப்பவரின் உபயத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஆறாம் நாள் நின்றுபோகுமே என்ற பயம் வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு: மேளத்தைக் குறைத்து, பூவை நாமே கட்டினால், 200 குடும்பம் ஆளுக்கு 60 வெள்ளி போட்டால் போதும். நேற்று இரவு வரை 43 குடும்பம் பேர் கொடுத்திருக்கிறது. மிச்சப் பேர் கூட்டத்துக்கு முன்னாடியே வந்து எழுதிக்கொள்ளலாம். மண்டபத்தின் இடது பக்கம், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஒரு மேசை போட்டிருப்போம். ரசீதுப் புத்தகத்தோடு அந்தச் சமையற்கட்டு அக்காதான் உட்கார்ந்திருப்பார்.