ஓரம் நேராக இல்லாத காகிதம்



பொன்மொழியும் விடுகதையும் படிக்க இந்தச் சுவர்ப் பக்கம் வந்தவர்கள், ஐந்து நிமிடம் இதையும் படியுங்கள். இது பாதி கட்டுரை, பாதி மன்னிப்புக் கடிதம்.

நம் பள்ளிக் கண்காட்சியில் 'இயற்கையைப் போற்றுவோம்' என்ற தலைப்பில் காகிதக் கைவினைப் போட்டி நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? முதல் பரிசு எனக்குத்தான். ரோஜாப் பூங்கொத்து, அதன் மேல் இரண்டு வண்ணத்துப்பூச்சி, சுற்றிலும் ஜிகினா. பார்த்தவர்கள் எல்லாம் "சூப்பர்!" என்றார்கள். இப்போது உண்மையைச் சொல்கிறேன். அதை நான் செய்யவில்லை. போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அடியில் இருந்த விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு என் பேரை ஒட்டினேன். அதில் என் கைவேலை அவ்வளவுதான்!

அதே மேசையில், எனக்குப் பக்கத்தில், என் தோழி செய்தது இருந்தது. போன வருஷத்து ரஃப் நோட்டுகளைக் கிழித்து ஊறவைத்து, கூழாக்கி, அவளே நாலு காகிதம் செய்திருந்தாள். ஒன்றில் வேப்பிலை, ஒன்றில் சங்குப்பூ. ஓரம் எல்லாம் கோணல். ஒரு மூலை கொஞ்சம் கறுத்துப் போயிருந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருவர், "இன்னும் கொஞ்சம் நீட்டா செஞ்சிருக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் அந்த நாலு தாளையும் மடித்துப் பைக்குள் திணித்தாள். "இனிமே இந்த வேலையே வேணாம்டி" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பரிசுத் தட்டு என் கையில் இருந்ததே, வாயைத் திறக்கவில்லை.

அந்த வார லீவில் கடலூர் ஓ.டி.யில் இருக்கும் எங்கள் ஆயா வீட்டுக்குப் போனேன். தட்டைக் காட்டினேன். "நீயே செஞ்சியா கண்ணு?" என்று கேட்டார்கள். தலையை ஆட்டினேன். ஆயாவுக்கு ஒரே சந்தோஷம். பரணில் இருந்து ஒரு பழைய கூடையை இறக்கச் சொன்னார்கள். "இது நான் உன் வயசுல செஞ்சது."

அது காகிதக் கூடை! பழைய பேப்பரை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து உரலில் ஆட்டி, கவிழ்த்து வைத்த குடத்தின் மேல் அப்பி, வெயிலில் காயவைத்துக் கழற்றி எடுத்ததாம். வெந்தயம் போட்டால் கூழ் நன்றாகப் பிடித்துக்கொள்ளுமாம். பூச்சியும் வராது என்பது ஆயா சொல்வது. அரிசி, பருப்பு, வத்தல் எல்லாம் அதில்தான் வைத்திருந்தார்களாம். உள்பக்கம் தடவிப் பார்த்தேன். ஆயாவின் விரல் பதிந்த பள்ளங்கள் அப்படியே இருந்தன. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் சித்தப்பா என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகிதத் தொழிற்சாலை இருக்கிறது. 1959-ல் தொடங்கியது. கைக்காகிதம் எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? மூலப்பொருள் பருத்தித் துணிக் கழிவு. மரம் வெட்ட வேண்டியதில்லை. துணியைப் பொடியாக நறுக்கித் தண்ணீரோடு அரைத்துக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழ் கலந்த தொட்டியில், வலை அடித்த சட்டத்தை முக்கித் தூக்கி, லேசாக ஆட்டுகிறார்கள். தண்ணீர் வடிந்து, நார் மட்டும் வலைமேல் மெல்லிசாகப் படிகிறது. அதைத் துணிமேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்திப் பிழிந்து, உலர்த்துகிறார்கள். பிறகு மை ஊறாமல் இருக்கப் பசை ஏற்றி, மழமழப்பாக்குகிறார்கள். கூழிலேயே பூவிதழோ புல்லோ போட்டால் அது காகிதத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர்மேல் வண்ணத்தை மிதக்கவிட்டு, தாளை அதன்மேல் படியவைத்து எடுக்கும் வேலையும் உண்டு. அந்தக் கோலம் இன்னொரு தாளில் அப்படியே வராது.

ஒவ்வொரு தாளும் ஒரு ஆளின் கை தூக்கி எடுத்தது. வெட்டி நேராக்காவிட்டால் அதன் நாலு ஓரமும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். கடையில் அந்தக் கோணல் ஓரத்துக்காகவே காசு கொடுத்து வாங்குகிறார்கள்! என் தோழியின் காகிதத்தை நாம் குறை சொன்னதும் அதே ஓரத்துக்காகத்தானே?

இதெல்லாம் வெளியூர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்துப் பண்ருட்டியில் கொலு பொம்மைகள் செய்கிறார்கள். காகிதக் கூழை அச்சில் அழுத்தி, உலர்த்தி, பாதிகளை ஒட்டி, வெள்ளை பூசி, வர்ணம் தீட்டுவார்கள். கண் எழுதுவது கடைசி வேலை. தஞ்சாவூரில் 1892-ல் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934-ல் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை முன்நின்று நடத்தினார். கைக்காகிதத்தை மறுபடி உயிர்ப்பித்த தொழில்களில் ஒன்றாக அந்தச் சங்கம் வளர்த்தது. ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிலையத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் மரப்பட்டை நாரில் செய்யும் 'வாஷி' காகிதக் கலையை 2014-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஊரே பெருமைப்படும் ஒரு வேலையை நம் வகுப்பில் ஒருத்தி செய்தாள். நாம் அவளை மடித்துப் பைக்குள் வைக்கச் செய்தோம்.

சிலர் கேட்பீர்கள்: "பப்ளிக் எக்ஸாம் வருது, இதுக்கெல்லாம் ஏது நேரம்?" நியாயமான கேள்விதான். ஆனால் கூழ் ஊறுவது நாம் தூங்கும்போது, காய்வது நாம் பள்ளியில் இருக்கும்போது. நம் கை படுவது மொத்தமே ஒரு மணி நேரம். டி.வி.க்கு அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

"அப்போ மில் காகிதமே வேணாமா?" என்றும் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. நோட்டுக்கும் புத்தகத்துக்கும் மில் காகிதம்தான் கட்டுப்படியாகும். அதிலும் நல்ல வழி உண்டு. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள நம் அரசு நிறுவனம் கரும்புச் சக்கையில் இருந்து காகிதம் செய்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். இயற்கையைப் போற்றும் போட்டி என்று பேர் வைத்துவிட்டு, தெர்மாகோலும் ஜிகினாவும் பிளாஸ்டிக் பூவும் மேசைமேல் வைக்கலாமா? கண்காட்சி முடிந்த மறுநாள் அவை எங்கே போயின? குப்பைத் தொட்டிக்குத்தான். என் பூங்கொத்தும் அங்கேதான் கிடக்கிறது. தோழியின் காகிதம் மண்ணில் விழுந்தால் மக்கிவிடும்.

"பரிசு அழகானதுக்குத்தானே கொடுக்கணும்?" இதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கைவினைப் போட்டி. கை எங்கே என்று முதலில் பார்க்க வேண்டாமா?

நம் சிதம்பரத்துக் கதையே ஒன்று இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தில், தில்லைக் கோயிலில் தேவார ஏடுகளைத் தேடி எடுத்தபோது, கரையான் அரித்தது போக மிச்சம்தான் கிடைத்தது என்பார்கள். அந்த மிச்சம் நம் காலம் வரை எப்படி வந்தது? ஓலை பழசாக ஆக, யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுத்தாணியால் புது ஓலையில் பிரதி எடுத்துக்கொண்டே இருந்ததால்தான். அவர்கள் பேர் நமக்குத் தெரியாது. இந்தச் சுவர் இதழைக்கூட "கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒட்டிடலாமே" என்கிறார்கள் சிலர். வேண்டாம். என் கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி இருந்தாலும், எழுதியது யார் என்று தூரத்தில் இருந்தே உங்களுக்குத் தெரிகிறது இல்லையா?

என் யோசனைகள் மூன்று:

1. அடுத்த கண்காட்சியில், பொருளை வைத்தவர் அதை எப்படிச் செய்தார் என்று ஐந்து நிமிடம் செய்து காட்ட வேண்டும். பாதி மதிப்பெண் அதற்கு.

2. வகுப்புக்கு ஒரு அட்டைப்பெட்டி. எழுதி முடித்த தாள்களை அதில் போடுவோம். மாதம் ஒரு நாள் கூழாக்குவோம். சட்டத்துக்குக் கொசுவலைத் துண்டு போதும், பசைக்குச் சோறு வடித்த கஞ்சி போதும்.

3. பூவையும் இலையையும் கீழே உதிர்ந்ததில் இருந்து எடுப்போம். ஈரப் பூ கறுத்துவிடும் என்று தோழி சொல்கிறாள். புத்தகத்துக்குள் வைத்துக் காய்ந்த பிறகுதான் போட வேண்டுமாம்.

இதை எழுதுவதற்கு முன் கைவினை ஆசிரியையிடம் போய் உண்மையைச் சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். திட்டுவார் என்று பயந்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "சுவர்ல எழுது" என்றார். ஆயாவிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்ல வேண்டும்.

இந்தத் தாளின் கீழே, வலது மூலையில் ஒட்டியிருப்பது என் தோழி செய்த வேப்பிலைக் காகிதம். கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். அதன் பக்கத்தில் இருப்பது போன வாரம் நான் செய்தது. ஓட்டையும் கட்டியுமாக இருக்கிறது. ஆனால் விலைச் சீட்டு எதையும் சுரண்டவில்லை!

இரண்டையும் தொட்டுப் பாருங்கள். கையைக் கழுவிவிட்டுத்தான்!

சிந்திப்போம். செய்து பார்ப்போம்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி