ஆறு வயதோடு நின்ற கருணை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை முதலிய ஊர்களின் காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போரில் ஸ்திரீகள் பெருந்தொகையினர். அவர்கள் தைக்கும் ஷூக்கள் கடல் கடந்து சென்று நாட்டிற்குப் பொருள் ஈட்டித் தருகின்றன. அவர்களில் ஒருத்திக்கு அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தை பிறக்குமாயின் அக்குடும்பத்தின் கதி யாது? இக்கேள்வியை நமது பொதுமேடைகளில் எழுப்புவாரைக் காணோம்.

முப்பது ஸ்திரீகளுக்கு மேல் வேலை செய்யுமிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதன் ஸ்தானத்தில் வந்த 2020-ம் வருஷத்துச் சட்டத்திலும் ஆறு வயது என்ற எல்லை அப்படியே இருக்கிறது. ஆனால், பத்து வயதிலும் தானே உண்ணவும் உடுக்கவும் அறியாத குழந்தை உண்டென்பதைச் சட்டம் இயற்றியோர் நினைத்ததாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடம் அக்குழந்தையை ஏற்றாலும், பள்ளி விட்டபின் தாய் வீடு திரும்பும் வரையில் அதைக் காப்பவர் யார்? தாய் வேலையை விடுகிறாள். செலவு மிகுந்த வேளையில் வருவாய் குறைகிறது.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த உதவி தேவைப்படுவோரைப் பராமரிக்கப் படி வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும், சர்க்காரின் பொருளாதார சக்திக்குட்பட்டு என்ற சொற்களால் தப்பிக்கொள்ள வழியும் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2023 ஜனவரி முதல் பராமரிப்பு உதவித் தொகையை மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்த்தியது. அதை வரவேற்கிறோம். ஆனால், இழந்த கூலிக்கு அது ஈடாகுமா?

கற்பிக்க இடமில்லையென்று சொல்வதற்கில்லை. வேலூர் பாகாயத்தில் 1957-ல் தோன்றிய சி. எம். சி. மனநல நிலையம், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாக்கியது. அங்குள்ள நம்பிக்கை நிலையத்தில் பெற்றோருக்கே பயிற்சி தருகிறார்கள். தாயே ஆசிரியையாதல் வேண்டும் என்பது சிறந்த கொள்கை. ஆனால், கூலியில்லாத நாட்களை எண்ணி அஞ்சும் தாய் அங்கே எங்ஙனம் செல்வாள்?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பயிற்சிக்குச் செல்லும் நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை வேண்டும். இக்குழந்தைகளுக்குக் காப்பகத்தில் வயதெல்லை நீங்கவேண்டும். தேர்ந்த பயிற்சியாளர்கள் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் வந்து பணிபுரிய வேண்டும்.

இவை தனியொரு முதலாளியால் ஆகாதென்பர். உண்மையே. கழிவு நீரைச் சுத்திகரிப்பதும் தனியொருவரால் ஆகாதென்றே தோல் முதலாளிகள் பலர் கூடிப் பொது நிலையங்கள் அமைத்தனர். பாலாற்றுப் பிரதேசத்தைக் கெடுத்தவர்களே அதற்கு ஈடு செய்யவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் தீர்ப்பளித்ததையும் இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். நீருக்காகக் கூடியவர்கள் குழந்தைகளுக்காகக் கூடலாகாதா?

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டுக் கேட்கப் போகும் தெருக்களில் பகலில் பூட்டிய கதவுக்குப் பின் ஒரு குழந்தை இருக்கக்கூடும். அக்கதவு திறக்கும்வரை சுதந்திரம் அவ்வீட்டிற்குள் நுழைந்ததாக நாம் ஒப்பமாட்டோம்.