குதிரைக் கொட்டகைக்கு டைல்ஸ் வேண்டாம்



நம் பழைய மாணவர் ஒருவர் போன ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போய்ப் பிள்ளைகளுக்காக ஒரு மட்டக்குதிரை வாங்கி வந்தார். கொட்டகை முழுக்க வெள்ளை டைல்ஸ். "கழுவுறதுக்கு சுலபம் சார்" என்றார். போன வாரம் நேரில் போய்ப் பார்த்தேன். குதிரையின் முன்னங்கால் முட்டி இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் இரண்டு பேர் குதிரை வாங்கும் யோசனையில் இருப்பதால் எழுதுகிறேன்.

மாடு எழும்போது முதலில் பின்பக்கத்தைத் தூக்கும். குதிரை அப்படியில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டி ஊன்றி, பிறகு பின்னங்காலால் உந்தி எழும். ஊன்றிய கால் வழுக்கினால் முட்டி போட்டு விழும். இரண்டு முறை விழுந்த குதிரை படுக்கவே பயப்படும். நின்றுகொண்டே தூங்கும் பிராணிதானே என்பீர்கள். கண்ணயர்வது நின்றபடி, ஆழ்ந்த தூக்கத்துக்கு அது படுத்தே ஆகவேண்டும்.

நம் ஊர் பீங்கான் ஊர். கிளேஸ் என்பது கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்பைக்கும் கொலு பொம்மைக்கும் அது அழகு. மூத்திரம் பட்ட தரையில், லாடம் அடித்த காலுக்கு அது ஆபத்து. இங்கிலாந்தின் பழைய லாயங்களிலும் சுட்ட கல்தான் பதித்தார்கள். ஆனால் கிளேஸ் இல்லாமல், பிடிப்புக்கும் வடிகாலுக்கும் கோடு வெட்டிய கல்.

என் கருத்தில் நமக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, செம்மண்ணும் கிராவலும் கொட்டித் திமிசுக் கட்டையால் இறுக்கிய தரை. செலவு குறைவு, காலுக்கு இதம். குழி விழும், அவ்வப்போது மண் போட்டு இடிக்க வேண்டும். சோம்பேறிக்கு இது சரிப்படாது. இன்னொன்று, சொரசொரப்பான கான்கிரீட். ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் கோடு இழுத்துவிடுங்கள். 10 அடிக்கு 2 அங்குலம் வாட்டம் போதும். ஆனால் வெறும் கான்கிரீட் மூட்டுக்குக் கெடுதல். மேலே மாட்டுக் கொட்டகைக்குப் போடும் கனமான ரப்பர் மேட், அதன்மேல் வைக்கோல்.

எந்தத் தரையானாலும் நனைந்த வைக்கோலைத் தினமும் அள்ளுங்கள். ஈரத்திலேயே நின்றால் குளம்பின் அடி அழுகும். மூத்திர நெடி மூச்சுக்கும் ஆகாது.

"போட்ட டைல்ஸ் மேலேயே மேட் விரிச்சிடலாமா சார்?" என்று அவர் கேட்டார். வேண்டாம். மேட்டும் சேர்ந்து வழுக்கும், அடியில் மூத்திரம் தேங்கும். பணம் போனது போனதுதான், பெயர்த்து எடுத்துவிடப்பா என்றேன். கால் உடைந்த குதிரையைக் காப்பாற்றுவது எளிதல்ல.

கொட்டகை கட்டி முடித்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். வெறுங்காலோடு வேகமாக நடந்து பாருங்கள். உங்களுக்கே பயமாக இருந்தால், அதில் குதிரையைக் கட்டாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்