பந்தியில் அறியப்படும் சிநேகம்



இவ்வாரத் தியானப் பகுதிகள்: 1 யோவான் 3:14-18, கலாத்தியர் 2:11-14.

‘சகோதர சிநேகம்’ என்று நம் வேதாகமத்தில் வாசிக்கிறோமே, அதற்கு மூலபாஷையாகிய கிரேக்கில் ‘பிலதெல்பியா’ என்று பெயர். அப்போஸ்தலர் காலத்துக்கு முன்பு அந்தச் சொல்லை ஒரு வயிற்றில் பிறந்தவர்களுக்கு மாத்திரமே வழங்கி வந்தார்கள். அதை எடுத்து, இரத்த உறவே இல்லாத அடிமைக்கும் எஜமானுக்கும், யூதனுக்கும் கிரேக்கனுக்கும் நடுவே வைத்தது ஆதிச் சபை. நாமும் ஆலய வாசலில் ‘பிரதர்’, ‘சிஸ்டர்’ என்று தாராளமாக அழைத்துக்கொள்கிறோம். ஆனால் நம் ஊர்ப்பக்கத்தில் உடன்பிறந்தான் வழியில் வருகிறவனுக்கு வேறொரு பெயர் உண்டு: பங்காளி. பங்காளிக்கு உரிமை உண்டு. சொத்தில் பங்கு கேட்பான், கலியாணத்தில் முன்னே நிற்பான், சாவு விழுந்தால் தோள் கொடுப்பான். ‘பிரதர்’ என்று சொல்ல ஒரு செலவும் இல்லை. பங்காளி என்று ஒருவனை ஏற்றுக்கொள்வதற்குச் செலவு உண்டு. வேதம் கேட்பது இரண்டாவதை என்றே நான் நினைக்கிறேன்.

மரணத்தைக் கடந்து ஜீவனுக்குள் வந்தவன் இவன் என்பதற்கு அடையாளமாக யோவான் தரிசனங்களைக் காட்டவில்லை, அந்நிய பாஷையைக் காட்டவில்லை. உடன்விசுவாசியை நேசிப்பதைக் காட்டுகிறார். அந்த நேசம் எங்கே சோதிக்கப்படுகிறது? அந்தியோகியாவைப் பாருங்கள். பேதுரு புறஜாதியாரோடே உட்கார்ந்து உண்டுகொண்டிருந்தார். யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தவுடனே மெல்ல விலகிக்கொண்டார். பர்னபாவும் அந்த மாயத்தில் இழுக்கப்பட்டார். பேதுரு எந்த உபதேசத்தையும் மறுதலிக்கவில்லை, யாரையும் பகைக்கவில்லை, ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. உட்காரும் இடத்தை மாத்திரம் மாற்றினார். அதையே சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதமான நடை என்று பவுல் எல்லோருக்கும் முன்பாக முகமுகமாய்க் கண்டித்தார்.

இது தூரதேசத்துக் கதை என்று எண்ண வேண்டாம். 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அநேகர் அதற்கு இணங்காமல் விலகிப்போனார்கள். தனித்தனியே உட்காருவது குலவழக்கமேயொழிய மார்க்க விஷயமல்ல என்று வாதாடியவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் நாம் கண்ணீரோடு பாடுகிறோம், பாடத்தான் வேண்டும். அவ்வளவு பக்தி உள்ளவருக்கும் இந்த ஒரு காரியம் கடினமாக இருந்தது என்பதை மறைத்துவிட்டுப் பாட வேண்டியதில்லை.

நமக்கு இன்னும் அருகே வருவோம். கம்பம் பள்ளத்தாக்கின் பழைய சபைகளில் பல, 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனின் ஊழியத்தால் உண்டானவை. பெரியகுளமும் வத்தலக்குண்டும் அதன் நிலையங்களாக இருந்தன. அந்த மிஷன் 1847-இல் ஒரு கண்டிப்பான முடிவு எடுத்தது: சாதியை விடாதவன் சபையின் அங்கமாக இருக்கலாகாது. விட்டதற்கு அத்தாட்சி என்ன? விசுவாசப் பிரமாணத்தை ஒப்புவிப்பதல்ல; எல்லோரோடும் சேர்ந்து உண்பது. உபதேசிமார் உட்படப் பலர் அந்தச் சோதனையில் நில்லாமல் வெளியேறினார்கள். மற்றவர்களுக்கு வேதம் கற்பித்தவர்கள், பிரசங்கம் செய்தவர்கள், ஒரு கவளத்தைத் தாண்ட முடியாமல் போனார்கள்.

அந்த மிஷனெரிமாரின் முறையைக் குறித்து எனக்கும் கேள்விகள் உண்டு. கட்டளையிட்டுச் சாப்பிட வைப்பது அன்பாகுமா? தாங்களோ பங்களாவில் தனியே வாழ்ந்தவர்கள்தானே? நியாயமான கேள்விகள். ஆயினும் எங்கே தொட்டால் நோய் தெரியும் என்பதை அவர்கள் சரியாகவே அறிந்திருந்தார்கள்.

கத்தோலிக்க சபையிலும் இதே துக்கம் இருந்தது. திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் ஆராதிப்போரை இரண்டாகப் பிரித்து ஆலயத்துக்குள்ளேயே சுவர் நின்றது. அது இடிக்கப்பட்டபோது, தனி இடம் தங்கள் உரிமை என்று வழக்காடியவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் அந்த உரிமையை ஒப்புக்கொள்ளவில்லை.

நம் ஆலயத்தில் சுவர் இல்லை. யாரும் எங்கும் உட்காரலாம், பாத்திரமும் ஒன்றே. ஆகையால் நாம் தேறிவிட்டோம் என்று எண்ணுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் அருகருகே உட்காருவது எளிது. பின்பு அவரவர் தெருவுக்குத் திரும்பினால் ஆறு நாள் யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காருகிறார்கள்? நம்மில் பத்து வருஷமாக ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றும், ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடித்தறியாத குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது ‘விசுவாசக் குடும்பம்’ என்று முதலில் சொல்லி, அடுத்த மூச்சில் வேறொன்றை விசாரிக்கிறோம். அது என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொரு பிரிவும் இருக்கிறது, அதைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திப் புசித்தார்கள், இல்லாதவர்கள் பசியாயிருந்தார்கள். வேலை முடித்துப் பிந்தி வந்தவர்களே அந்த ஏழைகள் என்று வேதபண்டிதர் பலர் கருதுகிறார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் நம் பெண்கள் ஐக்கியக் கூடுகை நினைவுக்கு வருகிறது. மாலை நான்கு மணிக்கு வைத்திருக்கிறோம். வருஷநாட்டுப் பக்கம் தென்னந்தோப்புக்கும் இலவந்தோப்புக்கும் கூலிக்குப் போன சகோதரிகள் அந்நேரம் வீடு திரும்பியிருப்பதில்லை. திரும்பினாலும் அடுப்பு காத்திருக்கும். வராதவர்களுக்கு ‘ஆவிக்குரிய வாஞ்சை இல்லை’ என்று பெயர் சூட்டுகிறோம். வாஞ்சை குறைவல்ல, கடிகாரம் நம் வசதிக்கு ஓடுகிறது. இம்மாதம் முதல் அந்தக் கூடுகை இரவு ஏழரைக்கு நடக்கட்டும் என்பது என் வேண்டுகோள். முந்தி வர வசதியுள்ளவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொள்ளலாம்.

அன்பின் விருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதிச் சபையின் வழக்கம் அது. யூதாவின் நிருபத்திலேயே பெயர் வருகிறது. ஏறக்குறைய கி.பி. 112-இல் பிளினி என்ற ரோம அதிபதி, கிறிஸ்தவர்கள் ஒன்றுகூடிச் சாதாரண உணவை உண்கிறார்கள் என்று தன் இராயனுக்கு எழுதினான். திருநெல்வேலிச் சபைகளில் இதையே அசனம் என்பார்கள். நம்மிடத்திலோ வரவர அது தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் காரியமாகி வருகிறது. வியாதியஸ்தருக்கும் முதியவருக்கும் கொடுத்தனுப்புங்கள், தடையில்லை. நடக்கக் கூடியவர்கள் இலையில் உட்காருங்கள்.

வருகிற அறுப்பின் பண்டிகை விருந்துக்கு இதுவரை ஒரே தெருவார் சமைத்து வந்தார்கள். இம்முறை எல்லாத் தெருக்களிலிருந்தும் இரண்டிரண்டு பேர் அடுப்பங்கரையில் நிற்கும்படி சபை மூப்பர்களிடம் கேட்டிருக்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தபின் கொடுக்கலாம். பந்தியில் யாருக்கும் இடம் பிடித்து வைக்க வேண்டாம். வருகிற வரிசைப்படி உட்காருவோம். நானும் என் குடும்பத்தாரும் அப்படியே உட்காருவோம்.