திருத்த இடமுள்ள ஏடு

அச்சேறிய நூலிலே ஒரு பிழை புகுந்தால், அடுத்த பதிப்பு வரும்வரை அது நின்றே தீரும். கரும்பலகையில் எழுதியதோ, அடுத்த பாடம் தொடங்கியதும் அழிந்துவிடும். எழுதியது நிற்கவும் வேண்டும், பலரும் கூடித் திருத்தவும் வேண்டும் என்றால், அதற்கேற்ற ஏடு ஒன்று இன்று நம் பிள்ளைகளின் கைக்கு எட்டியுள்ளது. அதன் பெயர் ‘விக்கி’.

அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் 1995ஆம் ஆண்டு இத்தகைய முதலாவது இணையத்தளத்தை அமைத்தார். ஹவாய் மொழியில் ‘விக்கி’ என்றால் விரைவு என்பது பொருள். விக்கிப்பீடியா 2001இல் தோன்றிற்று. 2003இல் தமிழிலும் தொடங்கிற்று. தமிழ்ப் பதிப்பின் தொடக்க காலத்தில் அதற்குப் பெரிதும் உழைத்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2017இல் அதன் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. 1902ஆம் ஆண்டிலேயே மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை ‘அபிதானகோசம்’ என்னும் பெருநூலைத் தொகுத்து வெளியிட்டார். அன்று ஒருவரே முயன்று இழுத்த தேரை இன்று ஊர் கூடி இழுக்கிறது எனலாம்.

ஆயின், நம் வகுப்பறைகளில் இது பெரும்பாலும் பயன்படும் முறை யாது? ஆசிரியர் ஓர் ஒப்படை கொடுக்கிறார். பிள்ளை விக்கிப்பீடியாவைத் திறந்து, ஒரு பக்கத்தை அப்படியே எடுத்தெழுதி, அழகிய அட்டை போட்டுக் கொடுக்கிறது. பெற்றோரும் மகிழ்கின்றனர். கிணற்றில் தான் மொள்ளாமல், அடுத்தவர் நிரப்பி வைத்த குடத்தைத் தூக்கி வந்தது போன்றதே இச்செயல்.

அதே பிள்ளையை எழுதுபவனாக ஆக்கிப் பாருங்கள். கல்முனைப் பகுதிப் பாடசாலை ஒன்றில் வகுப்புக்கென ஒரு விக்கி அமைத்து, ‘மருதமுனைக் கைத்தறி’ என்று தலைப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். பாவு ஓடுவதைப் பற்றி ஒருத்தி எழுதுகிறாள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை அதில் ஒரு பிழையைக் கண்டு திருத்துகிறான். ‘இஃது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று மற்றொருவன் உரையாடற் பக்கத்தில் வினவுகிறான். அவன் தன் வாப்பாவைக் கேட்டுவந்து விடை எழுதுகிறான். யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினர் என்பதை ‘வரலாறு’ என்னும் பகுதி காட்டிவிடும். இருவர் உழைக்க எண்மர் பெயர் வாங்கும் வழக்கம் அங்கே செல்லாது. திருத்தப்படுவது இழுக்கன்று என்பதையும் பிள்ளை கண்முன்னே காண்கிறது.

பலர் கை பட்டால் பொய்யும் புகாதோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. 2005ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகந்தாலரைப் பற்றிய பொய்ச்செய்தி ஒன்று விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு திங்கள் கிடந்தது. அதே ஆண்டில் ‘நேச்சர்’ இதழ் 42 அறிவியற் பொருள்களைப் பற்றிய கட்டுரைகளை ஒப்பிட்டது; விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குச் சுமார் நான்கு பிழைகளும், பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தில் சுமார் மூன்றும் இருந்தன. எந்த ஏட்டையும் சான்று கேட்டே ஏற்க வேண்டும் என்பதே இதன் பாடம். எழுதிப் பழகிய பிள்ளைக்கே அவ்வாறு கேட்கத் தோன்றும்.

நம் கரையோரத்துக்கு இதிலே இன்னுமொரு பயன் உண்டு. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழர் வாழும் ஊர்களும் முஸ்லிம்கள் வாழும் ஊர்களும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மொழி ஒன்று, பாடசாலைகளோ பெரும்பாலும் வேறு. மதிலுக்கு அப்பால் இருப்பவரை அறியாமலே பிள்ளைகள் வளர்ந்துவிடுகின்றனர். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளைப் பற்றி நிந்தவூர்ப் பிள்ளையும் சேர்ந்து எழுதட்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் இவ்வூர்களுட் புகுந்ததைப் பற்றி இரு பாடசாலைகள் கூடி ஒரே பக்கம் எழுதட்டும். ‘எங்கள் ஊர்’ என்று தொடங்கியதுமே இடர் தோன்றும். யாருடைய ஊர்? ஊரின் பெயரையே எழுத வேண்டிவரும். ‘அவர்கள்’ என்ற சொல்லும் அவ்வாறே. இரு சாராரும் ஒப்பும் வாக்கியத்தைத் தேடும் அந்த முயற்சியைவிடச் சிறந்த குடிமைக் கல்வி வேறு யாது?

ஆசிரியர்கள் சிலவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. விக்கிப்பீடியா வெளியான சான்றுகளையே ஏற்கும். உம்மம்மாவும் அம்மம்மாவும் சொன்ன கதைகளுக்கு வகுப்பு விக்கியே தக்க இடம். அது வெளியார் நுழையாதபடி பூட்டியிருக்கட்டும். பிள்ளைகளின் முழுப்பெயரும் நிழற்படமும் அதில் வேண்டா. கணினி ஒன்றே இருப்பினும் குறையில்லை. குழுவாகத் தாளில் எழுதி, முறை வைத்து ஏற்றலாம்.

தறியின் உறுப்புகளுக்கும் கரைவலையின் பகுதிகளுக்கும் நம் முதியோர் வழங்கும் பெயர்கள் பல, எழுத்தில் ஏறாமலே அவர்களோடு மறைந்து வருகின்றன. பெற்றோரே, இவ்வாரம் உங்கள் பிள்ளை வீட்டு முதியவரிடம் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதட்டும். பாடசாலையில் விக்கி அமையும் நாளில், அதன் முதற் பக்கத்துக்கு அவை உதவும்.