நாலு நட்டும் ஒரு பிடிவாதமும்

மாற்றல் ஆர்டர் வந்தும் நாற்காலியை விடாத அதிகாரியைப் பார்த்திருப்பீர்கள். காரிலும் அப்படி ஒருத்தர் உண்டு. ஸ்பேனர் மேல் ஏறி நின்று நாலு நட்டையும் கழற்றியாச்சு. நியாயப்படி சக்கரம் கையோடு வர வேண்டும். வராது.

இதற்கு ஒரு காரணம் நம்முடைய சௌகரியம். ட்யூப்லெஸ் டயர் வந்த பிறகு பல பஞ்சர் கடைகளில் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. ஆணியைப் பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்து அனுப்பிவிடுகிறார்கள். சக்கரமும் ஹப்பும் வருஷக்கணக்கில் பிரியாமல் குடித்தனம் நடத்துகின்றன.

சக்கரத்தின் நடு ஓட்டை, ஹப்பின் மூக்கில் கச்சிதமாக உட்காரும். அந்த முடியளவு இடுக்கில் மழைத் தண்ணீர் புகுந்து இரும்பு துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். உப்பி, ஆப்பு அடித்தாற்போல இறுக்கிவிடும். அலாய் வீல் என்றால் இன்னும் விசேஷம். அலுமினியம், இரும்பு, நடுவே உப்புத் தண்ணீர். ஸ்கூல் சயன்ஸ் புத்தக பாட்டரி ரெடி! அலுமினியம் அரித்து வெள்ளைப் பவுடராகி ஒட்டிக்கொள்ளும். பெசன்ட் நகர், எண்ணூர், தூத்துக்குடிவாசிகளுக்கு உப்பு இலவசம்.

வராத சக்கரத்தை நம் ஆட்கள் உதைப்பார்கள். கோவளம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் என் ஆபீஸ் நண்பனும் உதைத்தான். மூன்றாவது உதைக்கு ஜாக்கி மேல் நின்ற கார் லேசாகத் தலையாட்டியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எதிர்ப்பக்கப் பஞ்சர் கடைப் பெரியவர் பீடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"காலை எடு சார் மொதல்ல! வண்டி உழுந்தா காலு மிஞ்சாது. கழட்டின நட்டெல்லாம் திருப்பிப் போடு."

"கழட்டறதுக்குத்தானே பெரியவரே..."

"போடு சார், சொல்றேன்."

நாலையும் கையால் முடுக்கி, ஒரு சுற்று தளர்த்தச் சொன்னார். ஜாக்கியை இறக்கினார். கார் தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் நின்று ஊஞ்சல் மாதிரி ஆட்டினார். 'டக்'! அவ்வளவுதான். உதை செய்யாததை, காரின் சொந்த எடை செய்துவிட்டது. நட்டு இருப்பதால் சக்கரம் கழன்றும் விழாது. ஆட்டியும் அசையவில்லையென்றால், தளர்ந்த நட்டோடு நாலைந்து அடி முன்னே பின்னே மெல்ல நகர்த்தலாம். அதற்கு மேல் ஓட்டக்கூடாது.

எதுவானாலும் முதலில் சமதரை, ஹேண்ட் பிரேக், எதிர்மூலைச் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல். ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் ஜாக்கி ஓரமாகப் படுக்கவையுங்கள். ஜாக்கி சரிந்தால் கார் அதன்மேல் உட்காரட்டும், உங்கள் மேல் வேண்டாம். (வேல்ஸ் தேசத்து லனெல்லியில், ஸ்டெப்னி தெருவில் 1904-ல் ஆரம்பித்த உபரிச் சக்கர வியாபாரம் தந்த பெயர் இது.) ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் தலையோ கையோ நீட்டவே கூடாது. துரு இளக்கும் எண்ணெயை ஹப்பின் விளிம்பில் மட்டும் விடுங்கள். பிரேக்கில் பட்டால், அப்புறம் வண்டி நிற்காது.

சக்கரம் வந்ததும் அப்படியே ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள் என்று சொன்னால் நடுரோட்டில் யார் கேட்பார்கள்? வீட்டுக்கு வந்தாவது செய்யுங்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ஹப்பின் மூக்கில் காப்பர் கிரீஸை நகப்பூச்சு போல மெலிசாகத் தடவினால் அடுத்த தடவை சமர்த்தாக வரும். போல்ட்டு மரையில் தடவ வேண்டாம். அதே கைபலத்துக்கு நட்டு அளவு மீறி இறுகும். நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி முடுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை சரிபாருங்கள்.

பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றச் சொல்வார்களே, அதைத் தள்ளிப்போடாதீர்கள். டயர் தேய்மானம் சமமாவது ஒரு லாபம். ராத்திரி பதினொரு மணிக்கு, லாரிகள் உரசிக்கொண்டு போகும் ஹைவேயில், குடும்பத்தை ஓரமாக நிறுத்திவிட்டுச் சக்கரத்தோடு மல்லுக்கட்டாமல் இருப்பது அதைவிடப் பெரிய லாபம்.