பீட்டில்ஸ் செட்: 900 ரிங்கிட் கொடுக்கலாமா?

“அக்கா, கிள்ளானில் ஒருத்தர் பீட்டில்ஸ் ராக் பேண்ட் கேம் விற்கிறார். பிளேஸ்டேஷன் 3, கித்தார், டிரம், ஒரு மைக், எல்லாம் சேர்த்து 900 ரிங்கிட். வாங்கலாமா?” நேயர் ஒருவர் வாட்ஸ்அப் குரல் பதிவில் கேட்டிருந்தார். அப்பா பழைய பீட்டில்ஸ் ரசிகராம். பன்னிரண்டு வயது மகனோ கைப்பேசியை விட்டுத் தலை நிமிர்வதில்லையாம். தாத்தாவையும் பேரனையும் ஒரே சோபாவில் உட்கார வைக்க முடியுமா என்பதுதான் அவருடைய உண்மையான கேள்வி.

அப்பாவின் வயதுக்காரர்களுக்கு இந்த மோகம் வந்ததில் வியப்பில்லை. 1960களில் நம் நாட்டு மலாய் இளைஞர்கள் கித்தாரும் கையுமாக உருவாக்கிய ‘பாப் யே யே’ இசைக்குப் பெயர் வந்ததே பீட்டில்ஸ் பாட்டொன்றில் வரும் ‘யே யே’ என்ற கூவலிலிருந்துதான்.

இந்த கேம் 2009 செப்டம்பர் 9-ஆம் தேதி வெளிவந்தது. தயாரித்தது ஹார்மோனிக்ஸ் நிறுவனம். திரையில் வண்ணக் கட்டங்கள் நம்மை நோக்கி ஓடி வரும். அவை கோட்டைத் தொடும் நொடியில் பிளாஸ்டிக் கித்தாரில் அதே நிறப் பொத்தானை அழுத்தி மீட்ட வேண்டும். டிரம்முக்கும் அதே கதைதான். தவறவிட்டால், அந்த வாத்தியத்தின் சத்தம் மட்டும் பாட்டிலிருந்து காணாமல் போகும். லிவர்பூல் கேவர்ன் கிளப்பில் தொடங்கி, நியூயார்க் ஷே ஸ்டேடியம், தோக்கியோ புடோகான் என்று போய், லண்டன் மொட்டை மாடிக் கச்சேரி வரைக்கும் 45 பாடல்கள்.

ஒரு வாத்தியத்தை மட்டும் அணைப்பது கேட்க எளிது. ஆனால் குழுவின் தொடக்கக் காலப் பாடல்கள் இரண்டே தடங்களில் பதிவானவை. கித்தாரும் டிரம்மும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின், அபே ரோடு ஸ்டூடியோ பொறியாளர்களோடு உட்கார்ந்து அவற்றைப் பிரித்தெடுத்தார். பாட்டுக்கு நடுவே அவர்கள் ஸ்டூடியோவில் பேசிக்கொள்வதும் கேட்கும். ஒலிபரப்பு வேலை பார்க்கும் எனக்கு, அதற்காகவே இந்த கேம் பிடிக்கும்.

சரி, 900 ரிங்கிட்டுக்கு வருவோம்.

கித்தாருக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஐந்து பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்பவருக்கு ஒரு கார்டு கூடப் பிடிக்க வராது. மகனுக்கு கித்தார் ஆசை இருந்தால், அந்தப் பணத்துக்கு நிஜக் கித்தாரே வாங்கி, சில மாத வகுப்புக் கட்டணமும் கட்டிவிடலாம். டிரம் அப்படியல்ல. இரண்டு கையும் ஒரு காலும் தனித்தனித் தாளத்தில் போக வேண்டும் என்பது இதிலும் உண்டு, நிஜத்திலும் உண்டு.

இதில் உண்மையான சரக்கு, பாடுவதில் இருக்கிறது. ராக் பேண்ட் வரிசையில் மூன்று பேர் மூன்று குரலில் சேர்ந்து பாடும் வசதி முதன்முதலில் வந்தது இந்தக் கேமில்தான். அது நீங்கள் எந்த ஸ்தாயியில் பாடுகிறீர்கள் என்று பார்ப்பதில்லை. சுருதி சேர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அறுபத்தைந்து வயதுத் தாத்தா கீழே பாடலாம், குரல் உடையாத பேரன் மேலே பாடலாம், இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு. தாத்தாவுக்குத் திரையைப் பார்க்கக்கூடத் தேவையிருக்காது, பேரனுக்கு எல்லாமே புதிது. அந்த வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அப்பாவிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள். ‘யெஸ்டர்டே’, ‘ஹே ஜூட்’, ‘லெட் இட் பி’ மூன்றும் இதில் இல்லை. ‘அபே ரோடு’ உள்ளிட்ட மூன்று ஆல்பங்களின் மிச்சப் பாடல்களைத் தனியாகக் காசு கொடுத்துப் பதிவிறக்கும் வசதி இருந்தது. 2016-இல் உரிமம் முடிந்து அதையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று குரல் சேர்ந்திசைக்கே பேர்போன ‘பிகாஸ்’ அதோடு போயிற்று. பழைய சொந்தக்காரர் அந்தப் பாடல்களை வாங்கியிருந்தால் அவருடைய பெட்டிக்குள் இன்னும் இருக்கலாம். ‘பெட்டியை அழித்துச் சுத்தமாகத் தருகிறேன்’ என்று அவர் சொன்னால், அதற்கு முன் பாடல் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

நான் கேட்டிருந்தால் இப்படிப் பேரம் பேசியிருப்பேன்: பெட்டி, டிஸ்க், டிரம், மைக் மட்டும் போதும், கித்தாரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கித்தாருக்குத்தான் அதிகம் கேட்பார்கள். அதை விட்டாலே விலை நன்றாக இறங்கும். பாதி விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். 900-க்குக் குறையாது என்றால் விட்டுவிடுங்கள். வீட்டில் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறதே, டிஸ்க் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க் அதில் ஓடாது.

கூடுதல் மைக் தேடும்போது ராக் பேண்ட் பெயரில் வந்த யூஎஸ்பி மைக்காகப் பாருங்கள். பெட்டியில் யூஎஸ்பி துளைகள் குறைவு என்பதால் ஒரு ஹப்பும் தேவைப்படும். கித்தாரோடுதான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், அதற்கான சிறிய யூஎஸ்பி ரிசீவர் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத கம்பியில்லாக் கித்தார் வெறும் பொம்மை. டிரம் பெடலைக் காலால் நாலு தடவை மிதித்துப் பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. ஒலிபரப்பு அறையில் என் குரலே காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தால் நாக்கு தடுமாறும். இன்றைய டிவிக்கள் படத்தையும் சத்தத்தையும் மெருகேற்றிக் காட்டுவதில் அதே தாமதம் வருகிறது. சரியாகத் தட்டியும் மதிப்பெண் வராமல் போக, பையன் பத்து நிமிடத்தில் மறுபடி கைப்பேசிக்குப் போய்விடுவான். டிவியில் ‘கேம் மோட்’ போடுங்கள். கேமின் அமைப்புப் பக்கத்தில் தாமதத்தைச் சரிசெய்யும் பகுதி இருக்கிறது. முதல் பாட்டுக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரை அன்றைக்கு மட்டும் அணைத்து வையுங்கள்.